கூப்பிடு தூரத்தில் யாருமில்லை

உலகம் கவிழ்ந்தாலும் தனியாகத் தாக்குப்பிடிக்க ஒரு பண்ணை வீடு தேடி மொன்டானாவுக்கு வந்திருந்தான் ட்ராவிஸ். வீட்டை விற்கும் லூயெல்லாவைக் கேள்விகளால் குடைந்தான்.

"கிணத்துல தண்ணி?"

"கோடையிலயும் வத்தாது."

"அக்கம்பக்கம்?"

"கூப்பிடு தூரத்துல யாருமில்ல."

"அதான் வேணும். ஊரே பத்தி எரிஞ்சாலும் எவனும் என் கதவைத் தட்டக் கூடாது."

லூயெல்லா மேற்கு மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே புகை எழும்பிக்கொண்டிருந்தது. ட்ராவிஸும் பார்த்தான்.

"இங்க தீப்பிடிச்சா, வண்டி வர எவ்வளவு நேரமாகும்?"

"இந்த வீட்டுக்கா? நேரமே ஆகாது."

அவனுக்கு உயிர் வந்தது. "அப்ப வீடு எனக்குத்தான். முடிவு பண்ணிட்டேன்."

அவள் கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்தாள். உள்ளே சிவப்பாக ஒரு தீயணைப்பு வண்டி நின்றது.

"இங்க சம்பளத்துக்கு ஆள் கிடையாது. நாமளேதான் போய் அணைக்கணும். இத்தனை வருஷமா எங்க வீட்டுக்காரர் ஓட்டினார். போன மாசம் தவறிட்டார்."

கொட்டகைச் சுவரில் சைரன் அலறத் தொடங்கியது. லூயெல்லா சாவியை அவன் கையில் வைத்தாள்.

"இந்த வீட்டுல இருக்கறவங்கதான் ஓட்டணும், அது வழக்கம். கிளம்புங்க தம்பி, கதவைத் தட்டறாங்க."