விண்கலத்தில் ஒரு கீபோர்டு

விண்கலத்தில் காற்று தீர்ந்து நாற்பது விநாடி ஆகியிருந்தது. கேப்டன் தடித்த கையுறை விரலை உயர்த்தி, பழைய கீபோர்டின் கடைசிப் பொத்தானை ஓங்கி அழுத்தினாள்.

"அழுத்தினாளாம்!" என்று கையெழுத்துப் பிரதியை மேஜையில் விட்டெறிந்தார் பத்திரிகை ஆசிரியர். "இன்னும் ஐந்நூறு வருஷம் கழிச்சு நடக்குற கதைம்மா இது. அப்பவும் இந்தக் காயலான் கடை கீபோர்டுதானா?"

எதிரே உட்கார்ந்திருந்தவளுக்குக் கீபோர்டு பழுதுபார்க்கும் வேலை. பதினெட்டு வருடமாக அதுதான் பிழைப்பு. இதுதான் முதல் கதை. கடையில் ஆள் வராத நேரமெல்லாம் உட்கார்ந்து இரண்டு வருடம் எழுதியது, வேறு பிரதியும் கிடையாது.

"காத்து போயிட்டா, வாயால சொல்றது மெஷினுக்கு எட்டாது சார். தடிச்ச கையுறையைத் தொடுதிரை மதிக்காது. ஸ்பிரிங் வச்ச பொத்தான் அப்படியில்ல, எதை வச்சு அழுத்தினாலும் அழுந்தும்."

"அடேயப்பா, விஞ்ஞானி! அடுத்த அத்தியாயத்துல மாட்டு வண்டி கட்டிக்கிட்டு நிலாவுக்குப் போவாங்களா?"

இப்படிக் கேட்டவரின் மேஜையிலும் செங்கல் கனத்தில் ஒரு பழங்காலக் கீபோர்டுதான் இருந்தது. பொத்தானை அழுத்தினால் அடியிலுள்ள ஸ்பிரிங் மடங்கி 'டக்'கென்று சத்தம் போடும். அந்தச் சத்தத்தில் அடிக்கிறவர் பெரிய ஆள் என்று வருகிறவர்களுக்குத் தோன்றும். அதற்காகவே வைத்திருந்தார்.

"வேணாம்னு தள்ளுற கதையையும் பதிவு பண்ணித் தொலைக்கணும், அது ஒரு தலைவலி. பேரு, முகவரி, கதைச் சுருக்கம், எல்லாத்தையும் சொல்லு. மெதுவா சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தார். திரையின் முதுகு மட்டும்தான் அவள் பக்கம் இருந்தது. தூக்கி எறியப்போகிற கதைக்கு ஒன்றரைப் பக்கம் சுருக்கம் கேட்டார்.

"சார், உங்க ஸ்பேஸ் பாருக்கு அடியில கம்பி தளர்ந்திருக்கு," என்றாள் நடுவில். "மேல் வரிசையில ரெண்டு ஸ்பிரிங் ஓய்ஞ்சு போச்சு. ஒவ்வொரு பொத்தானும் ஒவ்வொரு மாதிரி சத்தம் போடுது."

"கதை ஓடலைன்னதும் ரிப்பேர் வேலை பிடிக்கப் பாக்கறியா? பொழைக்கத் தெரிஞ்ச ஆளுதான்."

சுருக்கம் முடிந்தது. அவள் வாயை மூடிய பிறகும் அவர் ஒரு வரி அடித்தார். மளமளவென்று, ஒரே மூச்சில். அவள் தலையை லேசாகச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"கடைசியா என்ன சார் அடிச்சீங்க?"

"'பிரசுரிக்கத் தகுதியில்லை'ன்னு. வேற என்ன அடிப்பாங்க இதுக்கு?"

"அப்போ கதையைக் குடுங்க சார், கிளம்பறேன்."

"எதுக்கு? இன்னும் நாலு இடத்துல காட்டி அசிங்கப்படவா? இங்கேயே கெடக்கட்டும், குப்பைக்கூடையில எடம் இருக்கு." சொல்லிக்கொண்டே பிரதியின் மேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார்.

அவள் எழுந்தாள். அந்தக் கைக்கு அடியிலிருந்து தாள்களை ஒரே இழுப்பில் உருவிப் பைக்குள் வைத்தாள்.

"ஏய்! என்ன திமிரு உனக்கு?"

"'மச்சான், அருமையான கதை சிக்கியிருக்கு, என் பேரைப் போட்டு உன் படத்துக்கு வச்சுக்கோ'ன்னு நீங்க அடிச்சது பொத்தான் சத்தத்துலயே கேட்டுடுச்சு, அதை அழிச்சிடுங்க சார்."