அறுக்காத நூல்

சர்க்கரையால் பாதம் இரண்டும் மரத்துப்போன நாளிலிருந்து தொக்தோசுனுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளவில்லை. இன்று கரகோல் ஆஸ்பத்திரியில், பிடித்து நடக்கும் கம்பிகளுக்கு நடுவே நின்றவருக்குக் கால் எழவே இல்லை.

"காலைக் கட்டிப் போட்டிருக்கு, தங்கச்சி. கம்பளி நூலு."

நடைப்பயிற்சி கொடுக்கும் குல்சாத் குனிந்து பார்த்தாள். வெறுங்கால்.

"ஊசி குத்துனா தெரியாது, நூலு மட்டும் தெரியுதாக்கும். சாக்குச் சொல்லாம நடங்கண்ணே."

குழந்தை முதலடி வைத்ததும் கணுக்கால்களை நூலால் கட்டி, தூரத்திலிருந்து பிள்ளைகளை ஓடவிடுவது அவர்கள் ஊர் வழக்கம். முந்தி வருகிறவன் நூலை அறுப்பான். அவன் நடைதான் குழந்தைக்கு வரும் என்பார்கள். தொக்தோசுனுக்குக் கட்டிய அன்று, முந்தி ஓடிவந்த அவர் அண்ணன், சிறுவன் குபான், வழியில் ஆற்றில் விழுந்து செத்துப்போனான். அப்புறம் நூலை அறுக்க யாருக்கும் தோன்றவில்லை.

வராந்தாவில் சின்னக் கால்கள் ஓடிவரும் சத்தம் கேட்டது.

"ஆஸ்பத்திரில யாரு ஓடுறது?" என்று குல்சாத் எட்டிப் பார்த்தாள். யாரும் இல்லை. சத்தம் அவளைத் தாண்டி உள்ளே வந்து, தொக்தோசுனின் பாதத்தருகே நின்றது. ஈரக் கை ஒன்று கணுக்காலைத் தொட்டது அவருக்கு நன்றாகத் தெரிந்தது.

கால் விடுபட்டது. கம்பியை விட்டு நடந்தார், பிறகு ஓடினார்.

"போதும், நில்லுங்கண்ணே."

"நிக்க வரல, தங்கச்சி."

அவள் வாசலுக்கு வருவதற்குள் அவர் ஆற்றுப் பக்கம் திரும்பியிருந்தார்.