முடிவைச் சொல்லாதீங்க

படியேறும்போதே தணிகைவேலுக்குக் கேஸ் நாற்றம் முகத்தில் அடித்தது. பூட்டிய கிரில் கதவுக்கு அப்பால், ஜலதோஷத்தில் மூக்கடைத்துப்போன மனைவி வசுமதி அடுப்பருகே நின்றிருந்தாள்.

"கேஸ் லீக்காகுது! பத்த வைக்காதே!"

கதையின் முடிவை யாரும் உளறிவிடாதபடி அவள் காதில் மாட்டியிருந்த கதைக்காப்பான் என்ற கருவி, அவன் சொன்னதைப் புல்லாங்குழல் இசையாக்கியது. அவள் பார்த்துவரும் தொடர் கேஸ் விபத்தில்தான் முடிகிறது.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா? உங்க ஓட்டை வாய்க்குத்தானே இதை மாட்டியிருக்கேன்!" லைட்டரை எடுத்தாள்.

அவன் கிரில்லைப் பிடித்து உலுக்கினான்.

"உங்கம்மா வந்திருக்காங்க, கதவத் திற!"

ஓடி வந்து திறந்தாள். லைட்டரைப் பிடுங்கினான். ரெகுலேட்டரை மூடி, ஜன்னல்களையெல்லாம் திறந்தான்.

"எங்கே எங்கம்மா? எதுக்குப் பொய் சொன்னீங்க?"

கேஸ் கசிந்ததைச் சொன்னான். அதுவும் புல்லாங்குழலாகியிருக்க வேண்டும், முறைத்தாள்.

"முதல்ல அந்தக் கடைசி எபிசோடப் பாரு," என்றான். "அப்புறம் திட்டு."