கடலை தூக்க வந்தவர்கள்

ஆற்றோரத்து வளையில் ஒரு பெருச்சாளி மூட்டை மூட்டையாகக் கடலை சேர்த்து வைத்திருந்தது. மழைக்கு முன் மேட்டுக்குக் கொண்டுபோகாவிட்டால் எல்லாம் வெள்ளத்தோடு போய்விடும். அதனால் சுமக்க ஆள் தேடியது.

முதலில் கழுதை வந்தது. "ஏத்துங்க அண்ணே, கிளம்பலாம்."

"பொறு. நீ கடலை தின்பாயா?"

"கொடுத்தா தின்பேன்."

"தின்கிறவன் வேண்டாம்" என்றது பெருச்சாளி.

அடுத்து ஆமை வந்தது. அது கடலையை மோந்துகூடப் பார்க்காது.

"வழியில் நிற்பாயா?"

"மூச்சு வாங்கினா நிற்பேன் அண்ணே."

"நிற்கிறவனும் வேண்டாம்."

பிறகு காகம் வந்தது. "நான் நிற்கவே மாட்டேன். ஒவ்வொன்றாகக் கொத்திக்கொண்டு பறப்பேன்."

"ஒன்றுகூடக் கீழே விழக் கூடாது."

"அதைக் காற்றுக்கிட்டே சொல்லுங்க" என்று காகம் பறந்துவிட்டது.

'என்னை யாரும் ஏமாற்ற முடியாது' என்று பெருச்சாளி மீசையை முறுக்கிக்கொண்டது. அந்த மீசையில்தான் முதல் மழைத்துளி விழுந்தது.

வேறு வழியில்லாமல் அது தானே ஒரு மூட்டையைப் பல்லால் கவ்வி இழுத்தது. வழியெல்லாம் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தது. பள்ளத்தில் பாதியைக் கொட்டியது. பசி தாங்காமல் மீதியிலும் கொஞ்சம் மென்றது.

மேட்டில் மூவரும் மரத்தடியில் ஒதுங்கியிருந்தார்கள்.

"கடைசியில் யாரைப் பிடிச்சீங்க அண்ணே? ஆள் எப்படி?" என்று கேட்டது கழுதை.

மீசையில் ஒட்டியிருந்த கடலைத் தோலைப் பெருச்சாளி மெல்லத் தட்டிவிட்டது.

"அவனா? தின்கிறான், நிற்கிறான், கொட்டுகிறான். அடுத்த மழைக்கு நீங்களே வாருங்களப்பா."