ஒன்று ஐம்பத்தைந்து

இன்னும் பதினொரு நிமிடம் நாயகி வராமலிருந்தால் போதும். தேநீர்க் கடையின் சன்னலோரம் அமர்ந்திருந்த ரோவீனா, எதிர்ப்பக்கத்து நாடக அரங்கில் நடிகர்கள் நுழையும் மேடைவாசலையும் கடையின் சுவர்க் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இங்கிலாந்தின் கடற்கரை ஊரான ஸ்கார்பரோவில் காலையிலிருந்தே மழை. நாடகத்தின் கடைசி நாளான அந்தச் சனிக்கிழமைப் பகல் காட்சிக்கு முதியோரை ஏற்றிவந்த பேருந்துகள், அரங்கின் ஓரமாக வரிசைகட்டி நின்றன.

"டீ ஆறிப்போச்சேம்மா. வேற தரட்டுமா?" என்றார் கடைக்காரர் வில்ஃப்.

"இதுவே போதும்."

"வாரம் பூரா நீங்க அந்த வாசல்ல போய்வர்றதைப் பாத்தேன். நாடகக்காரங்கதானே? இன்னைக்கு உள்ளே போகாம இங்கே உக்காந்திருக்கீங்க?"

"ஒண்ணு அம்பத்தஞ்சு ஆகட்டும்னு பாக்கறேன்."

அது அந்தத் தொழிலின் சட்டம். இரண்டரை மணிக்குத் திரை உயர்வதென்றால், நாயகியானாலும் மாற்று நடிகையானாலும் ஒன்று ஐம்பத்தைந்துக்குள் உள்ளே வந்து, மேடைவாசல் தாளில் தம் பெயருக்கு நேரே கையெழுத்திட்டிருக்க வேண்டும். நாயகியின் கையெழுத்து இல்லையேல், அவள் வேடத்தில் மாற்று நடிகை மேடையேறுவாள்.

ரோவீனா இதைச் சொல்லி முடித்ததும், வில்ஃப் நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்தார். "அப்போ அந்த டி.வி. அம்மா வரலைன்னா உங்களுக்கு யோகம். அதானே விஷயம்?"

ரோவீனா ஆறிய தேநீரைக் கரண்டியால் கலக்கினாள். "அந்த வேஷத்தோட எல்லா வரியும் எனக்கு மனப்பாடம்" என்றாள்.

ஊர் ஊராகப் பதினேழு வாரம், நூற்று முப்பத்து நான்கு காட்சிகள். ஒவ்வொன்றிலும் மாற்று நடிகை என்பவள் மேலறையில் அமர்ந்து, ஒலிபெருக்கியில் கேட்கும் வசனத்தை உதடசைத்துச் சொல்லிவிட்டு வீடு திரும்ப வேண்டும். அதற்குப் பெயர் வேலையாம். ஒரே ஒரு முறை மேடையேறியிருந்தால், அடுத்த குழுவினரிடம் சொல்லிக்கொள்ள ஏதேனும் மிஞ்சும். இல்லையேல், திங்கட்கிழமை முதல் லீட்ஸ் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவரின் வரவேற்பு மேசைதான்.

மாலைக் காட்சிக்குத் தயாரிப்பாளர்கள் வருகிறார்கள். அதில் நாயகியை மாற்ற ஒருபோதும் ஒப்பமாட்டார்கள். ஆகவே, எஞ்சியது இந்தப் பகல் ஒன்றே.

"அந்தம்மாவுக்கு ஒரு சளிகூடப் பிடிக்காதா?" என்றார் வில்ஃப்.

"பதினேழு வாரமா பிடிக்கலை."

"கல்லு மாதிரி உடம்பு போல."

"உடம்பு மட்டும்தான் கல்லு."

வில்ஃப் எதிர்ச்சுவரின் விளம்பரத் தட்டியைச் சுட்டினார். அதில் சிரித்த நாயகியின் முகத்தில் அச்சகத்தார் ஒரு சுருக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. "ஒம்பது வருஷம் டி.வி.யில நர்ஸா வந்து ஊசி போட்டாங்க. செவ்வாக்கிழமை என் பொண்டாட்டி நாடகம் பாத்துட்டு வந்து, 'எப்போடா ஊசியை எடுப்பாங்கன்னே பாத்துக்கிட்டிருந்தேன்'ங்கிறா. வேறெதுவும் அவ மனசுல நிக்கலை."

அந்த வாரத்தில் முதன்முறையாக ரோவீனா சிரித்தாள். "உங்க மனைவி சொன்னது சரிதான். எனக்கும் அப்படித்தான் தோணுது."

"நீங்க எத்தனை வருஷமாம்மா இந்தத் தொழில்ல?"

"முப்பத்தொண்ணு."

தொலைக்காட்சியில் முதலில் அவள் பிணமாகக் கிடந்தாள். பிறகு பிணத்தைக் கண்டு அலறினாள். பிறகு, பிணத்தைப் பற்றி விசாரிக்க வந்தவருக்குத் தேநீர் கொடுத்தாள். மேடைக்கென்று வந்த முதலிரண்டு ஆண்டுகள் மேலறையிலேயே கழிந்தன. எந்த நாயகிக்கும் காய்ச்சல் வரவில்லை. அந்த இரண்டாண்டின் அலுப்பு இன்னும் முழங்கால்களில் தங்கியிருப்பதாக அவளுக்குத் தோன்றும்.

கடிகாரம் ஒன்று ஐம்பத்து மூன்றைக் காட்டியபோது, அவளுடைய கைப்பையில் தொலைபேசி அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை.

"எடுங்கம்மா. அங்கேருந்துதான் கூப்பிடறாங்களோ என்னவோ."

"அங்கேருந்துதான்."

"பின்னே ஏன் எடுக்கலை? பயமா?"

"களைப்பு" என்றாள் ரோவீனா.

அதிர்வு நின்றது, மீண்டும் தொடங்கியது, மீண்டும் நின்றது. இப்போது வில்ஃப்பும் அவளோடு சேர்ந்து மேடைவாசலையே பார்த்தார். குடையோடு ஒருத்தி அவ்வழியே வந்தபோது வில்ஃப் மூச்சைப் பிடித்துக்கொண்டார். அவள் வாசலைக் கடந்து கடற்கரைப் பக்கம் போய்விட்டாள்.

பெரிய முள் பதினொன்றைத் தொட்டு, தாண்டியது.

"வரலைம்மா. யாருமே வரலை" என்று வில்ஃப் எழுந்து நின்றார். "இன்னும் என்ன உக்காந்திருக்கீங்க? ஓடுங்க. வந்து காசு கொடுத்தாப் போதும்."

ரோவீனா ஓடவில்லை. சுவரில் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

சிறிது நேரத்தில் கடைக் கதவு திறந்தது. நாடகக் குழுவில் உடைகளைக் கவனிக்கும் ஆட்ரி, வாயில் இன்னும் இரண்டு குண்டூசிகளோடு, மழையில் நனைந்தபடி உள்ளே வந்தாள்.

"வந்துட்டீங்களா? சீக்கிரம் கூட்டிக்கிட்டுப் போங்கம்மா இவங்களை" என்றார் வில்ஃப். "நேரமாச்சுன்னா யோகம் கைவிட்டுப் போயிடும்."

ஆட்ரி அவரைக் கவனிக்கவில்லை. குண்டூசிகளை எடுத்துக் கழுத்துப்பட்டையில் குத்திக்கொண்டு, ரோவீனாவின் எதிரில் அமர்ந்தாள்.

"உன் கவுன், பதினேழு வாரமா மேலறையில உக்காந்திருந்த அந்தப் பொண்ணுக்குக் கச்சிதமா இருக்கு, ரோவீனா."