டப்பாவில் சேராத ஆயில்

வண்டி என்ஜினில் ஆயில் பிடிக்கிற டப்பா மாட்டி இருபத்தாறு நாள் ஆயிற்று. இசக்கித்துரை அதன் அடித்திருகைத் திறந்து பார்த்தான். நாலு சொட்டு வந்தது. அவ்வளவுதான்.

என்ஜினில் இருந்து அளவுக் கம்பியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். ஆயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே நின்றது. போன வாரம்தான் ஒரு லிட்டர் ஊற்றியிருந்தான்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். தரையில் ஒரு பொட்டு ஈரமில்லை. ஆயில் எரிந்தால் வருகிற நீலப் புகையும் சைலன்சரில் வருவதில்லை. படுத்தவனுக்கு எழுந்திருக்க மனமில்லை. வெயிலில் ஓடி வந்த வண்டியின் சூடு முகத்தில் அடித்தது. அதற்கு அடியிலேயே கண்ணை மூடிக்கொண்டால் தேவலை என்றிருந்தது.

டப்பாவை மாட்டிய அன்று மெக்கானிக் பொறுமையாகத்தான் விளக்கினார். பிஸ்டனைத் தாண்டிக் கொஞ்சம் புகை, கீழே ஆயில் இருக்கும் இடத்துக்கு இறங்கத்தான் செய்யும். அடைத்து வைத்தால் ரப்பர் சீல்களைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும். அதனால் ஒரு குழாய் வைத்து, என்ஜின் இழுக்கிற காற்றோடு அதைத் திரும்பச் சேர்த்துவிடுவார்கள். புகை சும்மா போகாது. ஆயிலையும் பொடித்தூறலாகச் சுமந்துகொண்டு போகும். நடுவில் இந்த டப்பா இருந்தால் ஆயில் இதில் தங்கிவிடும், காற்று மட்டும் போகும்.

“மாசத்துக்குக் கால் டப்பான்னா கவலையில்ல அண்ணாச்சி. அரை டப்பாவத் தாண்டிட்டுன்னா பிஸ்டன் ரிங்கு தேஞ்சு போச்சுன்னு அர்த்தம். வண்டிய வித்துட்டு வேற சோலியப் பாருங்க.”

வேற சோலி தயாராகத்தான் இருந்தது. கடையநல்லூர் ஆரிப் துபாயில் டிரைவர் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தான். மாதம் முடியட்டும், டப்பாவைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அவனிடம் தவணை கேட்டிருந்தான் இசக்கித்துரை. பெண்டாட்டி முத்துமாரியிடமும் அதையேதான் சொன்னான்.

அவள் போகாதீர்கள் என்றும் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. எது அந்த டப்பா என்று மட்டும் கேட்டாள்.

இப்போது டப்பா காலி. அப்படியானால் என்ஜின் நல்ல என்ஜின். துபாய் இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான்.

பிறகு ஆயில் எங்கே போகிறது?

சந்தேகப்பட மிச்சம் இருந்தது காசி மட்டும். காலையில் சங்கரன்கோவில் மார்க்கெட்டில் பூ ஏற்றிக்கொண்டு தென்காசி போகிறவன் காசி. மதியத்துக்கு மேல் அதே வண்டியில் குருவிகுளத்து மக்காச்சோளம் ஏற்றப் போவான் இசக்கித்துரை. ஆறு வருஷமாக இப்படித்தான். காசியின் பெண்டாட்டி கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறான். இருந்தாலும், வீட்டு வாசலில் வண்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டு நின்ற காசியிடம், ஆயிலை எடுத்தாயா என்று கேட்டுவிட்டான்.

“ஆயில எடுத்து நான் என்ன வடையா சுடுதேன்?” காசி சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எதிரே சிரிப்பு இல்லை என்று கண்டதும் அவன் முகமும் மாறியது.

“ஏல, சாவிய வச்சிட்டுப் போ. நாளைக்கு வரவேண்டாம்.”

இசக்கித்துரை கத்தவில்லை. கத்துவதற்குத் தெம்பில்லை.

ஒரு வண்டியில் திருடன் என்று பேர் வாங்கினவனுக்குப் பூ மார்க்கெட்டில் வேறு எவனும் சாவி கொடுக்கமாட்டான். அது இசக்கித்துரைக்குத் தெரியும். காசிக்கும் தெரியும். உள்ளே அடுப்படியில் நின்ற முத்துமாரிக்கும் தெரியும்.

காசி சாவியைப் பானட்டின் மேல் வைத்தான். கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். போய் கேட்டைத் தள்ளினான். வருஷக்கணக்காகக் கிறீச்சிட்டுக்கொண்டிருந்த கேட், சத்தமே இல்லாமல் திறந்தது.

“காசி, நில்லு.”

முத்துமாரி வாசலுக்கு வந்திருந்தாள். கரையான் அரித்த கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். புதிதாக ஆயில் பூசின நிலை கறுப்பாக மினுங்கியது.

காசி நின்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. புருஷனையும் பார்க்கவில்லை. பானட்டின் மேல் கிடந்த சாவியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“டப்பா நெறஞ்சுக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க எந்திக்க முன்ன, தெனமும் நான்தான் வடிச்சிருதேன்.”