எறக்கிட்டேன்

ஊரிகம் புத்த விகாரையின் தகரக்கூரை மாலை வெயிலில் சடசடக்கிறது. கிடாரோடு உட்கார்ந்திருக்கும் பாரியின் முன்னால் ஒன்று, நான்கு, ஐந்து என்று பாட்டின் சுரக்கூட்டுகளை எண்களாக எழுதிய தாள். "கிடார் கார்டுக்குப் பேரே வேணாம், நம்பர் போதும். எந்த சுருதிக்கும் மாத்திக்கலாம்" என்று இவ்வளவு நேரம் அளந்துகொண்டிருந்தான். தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு முதன்முறையாகப் பாட வந்த யசோதரா கேட்கிறாள்: "கொஞ்சம் எறக்கிக்கலாமாண்ணா?" எண்கள் எங்கே வேண்டுமானாலும் வரத் தயார். விரல்களுக்குத்தான் பழைய இடம் தவிர வேறு போக்கிடம் தெரியாது. "எறக்கிட்டேன், பாடும்மா" என்று பழைய சுருதியிலேயே மீட்டுகிறான். மேலேறும் வரியில் அவள் கழுத்து நரம்பு புடைக்கிறது, குரல் உடைகிறது. "இவ்ளோ எறக்கியும் வரலியேண்ணா. இனிமே இன்னாத்துக்கு நான் பாடணும்?" துப்பட்டாவை இழுத்துத் தழும்பை மூடிக்கொள்கிறாள். முகத்தை மூடிக்கொள்ள வேண்டியவன் கிடாரைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.